பிளஸ் ஒன்னிலேயே ஒரு கல்லூரிப் பாடம்: டெல்டா பிள்ளைகளுக்கு ஒரு வழி

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எங்கள் பள்ளிக்கூட வாசலில் ஒரே கேள்விதான்: "டீச்சர், இவனை எதுல சேக்கலாம்?" அவன் பக்கத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். "உனக்கு என்னப்பா புடிக்கும்?" என்று கேட்டால் பதில் வராது. எப்படி வரும்? கல்லூரியில் ஒரு பாடத்தை எப்படி நடத்துவார்கள் என்று ஒரு மணி நேரம்கூடப் பார்த்திராத பிள்ளை, நான்கு வருடப் படிப்பை எதை வைத்து முடிவு செய்யும்? கடைசியில் சித்தப்பா சொன்னது, பக்கத்து வீட்டு அண்ணன் படித்தது, வீடு தேடி வந்து நோட்டீஸ் கொடுத்த கல்லூரிக்காரர் சொன்னது என்று ஏதோ ஒன்று முடிவாகிவிடும்.

நான் வலங்கைமான் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பிளஸ் ஒன் படிக்கும்போதே ஒரு கல்லூரிப் பாடத்தை எடுங்கள். ஒன்றே ஒன்று போதும். வாராவாரம் அசைன்மென்ட் எழுதி, மையத்துக்குப் போய்ப் பரீட்சையும் எழுதிவிடுங்கள். ஆகிற செலவு ஆயிரம் ரூபாயும் பஸ் காசும்தான். அந்தப் படிப்பு உங்களுக்கு ஒத்துவருமா என்பது பிளஸ் டூவுக்குப் போகும் முன்பே தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் இதற்கென்று ஓர் ஏற்பாடே இருக்கிறது. மின்னசோட்டா மாநிலத்தில் 1985-லும், வாஷிங்டன் மாநிலத்தில் 1990-லும் சட்டம் போட்டு, உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் கல்லூரி வகுப்பில் உட்கார வழி செய்தார்கள். கலிஃபோர்னியாவில் பள்ளிக்கூடத்தில் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பக்கத்து ஊர் கம்யூனிட்டி காலேஜில் போய்ச் சேர்ந்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அங்கே பெரும்பாலும் கட்டணம் கிடையாது. ஒரே பாடத்துக்குப் பள்ளியிலும் கல்லூரியிலும் கணக்கு ஏறும். வெளிநாட்டில் சொந்தக்காரர்கள் இருக்கிற வீடுகளில் இதைக் கேள்விப்பட்டு, "நம்ம கும்பகோணம் காலேஜ்ல இப்படிச் சேரலாமா டீச்சர்?" என்று கேட்கிறார்கள். முடியாது. நம் ஊர்க் கல்லூரிகளில் பிளஸ் டூ தேறினால்தான் இடம். நமக்கு இருக்கிற வழி வேறு, அது கையிலிருக்கிற போனுக்குள் இருக்கிறது.

எங்கே படிப்பது

ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கியது என்பிடெல் என்கிற இணையவழிப் பாடத் திட்டம். மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017-ல் வந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால், ஐஐடி பேராசிரியர்கள் நடத்துகிற பாடங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். நுழைவுத் தேர்வும் கிடையாது, மார்க் ஷீட்டும் கேட்க மாட்டார்கள். நான்கு வாரம், எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்று பாடங்கள் இருக்கும். சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம்: என்பிடெலில் ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு அதில் பாதி.

"பரீட்சை வேண்டாம் மிஸ், சும்மா வீடியோ மட்டும் பாக்குறேன்" என்று சொல்கிற பிள்ளைகள் உண்டு. நான் ஒத்துக்கொள்வதில்லை. பரீட்சை இல்லாவிட்டால் மூன்றாவது வாரத்தோடு பாடம் நின்றுபோகும். கட்டிய ஆயிரம் ரூபாய்தான் பத்தாவது வாரம் வரைக்கும் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிறது. நம் வீடுகளில் ஆயிரம் ரூபாய் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

எப்போது எடுப்பது

இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு டெர்ம். ஒன்று ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடியும். இன்னொன்று ஜூலையில் தொடங்கி அக்டோபர் வாக்கில் முடியும்.

ஜனவரி டெர்ம் நமக்குச் சரிப்படாது. தை மாதம் சம்பா அறுவடை. வீட்டில் எல்லோரும் களத்திலும் கொள்முதல் நிலையத்திலும் நிற்பார்கள். நெல்லைக் கொட்டிவிட்டு மூட்டை எடை போடும் வரைக்கும் ராத்திரிக் காவலுக்கு அப்பாவோடு போகிற பையன்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அது முடிவதற்குள் மார்ச்சில் ஆண்டுத் தேர்வு வந்துவிடும்.

ஆகவே பிளஸ் ஒன் ஜூலை டெர்ம். பிளஸ் ஒன்னுக்கு இருந்த பொதுத்தேர்வை 2025-26 கல்வியாண்டிலிருந்து எடுத்துவிட்டார்கள், அந்த வருடத்தில் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. பாடம் நடக்கும்போது நடுவில் செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வரும். அந்த இரண்டு வாரத்தை எப்படிச் சமாளிப்பது என்று கீழே சொல்கிறேன். கடைசிப் பரீட்சை மழை தொடங்குகிற நேரத்தில் வரும், அதற்கும் ஒரு ஏற்பாடு வேண்டும்.

எந்தப் பாடம்

ஒரு பாடத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. இதில் நான் கறார். ராமானுஜன் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்தபோது, அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு பெரிய கணிதத் தொகுப்பு 1903-ல் நண்பர் வழியாக அவர் கைக்கு வந்தது. அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்ட புத்தகம் அது. ஆனால் அடுத்த வருடம் உதவித்தொகையோடு அதே கல்லூரியில் சேர்ந்தவர், கணக்கைத் தவிர வேறெதையும் தொடாமல் இருந்து அந்த உதவித்தொகையை இழந்தார். அந்த மேதைக்கே அந்தக் கதி. பள்ளிப் பாடத்துக்கு உலை வைத்துவிட்டு எந்தக் கல்லூரிப் பாடமும் வேண்டாம்.

கணினி அறிவியல் எடுத்த பிள்ளைகளுக்கு நான் சொல்வது 'தி ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங் யூசிங் பைத்தான்' என்கிற பன்னிரண்டு வாரப் பாடம். பைத்தான் என்பது கணினிக்கு நிரல் எழுதுகிற ஒரு மொழி. முன்னால் எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. நம் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில்தான் பைத்தான் வருகிறது. ஜூலையில் இதைத் தொடங்கிய பிள்ளைக்கு அடுத்த வருடப் பாதிப் புத்தகம் ஏற்கெனவே பழகியிருக்கும்.

காமர்ஸ் பிள்ளைகளுக்கு ஸ்வயமில் கணக்குப் பதிவியல் பாடங்கள் இருக்கின்றன. வேளாண்மைப் படிப்புக்குப் போக நினைக்கிற பிள்ளைகள் ஐஐடி கரக்பூரின் மண், நீர்ப் பாதுகாப்புப் பாடத்தில் முதல் இரண்டு வாரத்தை இலவசமாகப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். அது மூன்றாம் வருடப் பொறியியல் பாடம், கணக்கு நிறைய வரும். முழுதும் எடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரை எப்படி அளக்கிறார்கள், மண் எவ்வளவு தண்ணீரைக் குடிக்கும் என்று எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று பார்க்கும்போது, தன் அப்பா வரப்பில் நின்று செய்கிற வேலைக்குப் பின்னால் ஒரு படிப்பு இருப்பது பிள்ளைக்குத் தெரியும்.

பாடத்தின் முதல் பக்கத்தில் 'யாருக்கான பாடம்', 'முன்தகுதி' என்று இரண்டு வரி இருக்கும். தலைப்பை மட்டும் பார்த்துச் சேராமல் அதைப் படியுங்கள். முன்தகுதி ஏதும் இல்லை என்றோ, பிளஸ் டூ கணக்கு போதும் என்றோ இருந்தால் சரி.

வீட்டில் பேசுவது

அம்மா அப்பாவிடம் "ஆன்லைன் கோர்ஸ்" என்று ஆரம்பித்தால் காரியம் கெட்டது. போனைப் பிடுங்கிக்கொள்ள இன்னொரு காரணம் கிடைத்துவிடும். டைப்ரைட்டிங் மாதிரி என்று சொல்லுங்கள். நம் பக்கம் அதற்கு விளக்கமே வேண்டாம். நீடாமங்கலம், மன்னார்குடி, பாபநாசம் என்று எந்த ஊர்க் கடைவீதிக்குப் போனாலும் மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருக்கும். பத்தாவது முடித்ததும் அனுப்பி, பிப்ரவரியிலோ ஆகஸ்டிலோ அரசுத் தேர்வு எழுதி லோயர் வாங்கவைப்பது இங்கே வழக்கம். அதற்கு யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இதுவும் அப்படித்தான்: பள்ளிக்கு வெளியே படித்து, மையத்தில் எழுதுகிற பரீட்சை.

எந்த நேரம் போன் வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். "சனி ஞாயிறு காலைல ரெண்டு மணி நேரம், புதன்கிழமைக்கு முன்னாடி ஒரு நாள் அரை மணி நேரம், அவ்வளவுதாம்மா." இப்படிக் கணக்குச் சொல்லி, அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட எடுக்காமல் இருக்கிற பிள்ளைக்கு இரண்டாவது வாரத்திலிருந்து யாரும் தடை சொல்வதில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை இங்கிலீஷில் ஒருவர் பேசுவதை முகம் சுளித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும். "புரியலைன்னா எதுக்குப் பாக்குற?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். முதல் மூன்று வாரம் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும், அப்புறம் காது பழகிவிடும்.

பதிவு

முதலில் பிள்ளையின் பெயரிலேயே ஒரு ஜிமெயில். பிரவுசிங் சென்டர்காரர் தன் மெயிலில் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஹால் டிக்கெட்டும் சான்றிதழும் அந்த மெயிலுக்குத்தான் வரும். பாஸ்வேர்டை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

பெயரை அடையாள அட்டையில் இருக்கிறபடியே எழுத வேண்டும். நம் ஊரில் இது ஓயாத தலைவலி. ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், பத்தாவது சான்றிதழில் முன்னால் இருக்கும், பள்ளி அட்டையில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். பரீட்சைக்கு எந்த அட்டையை எடுத்துக்கொண்டு போவீர்களோ அதில் உள்ளபடி, புள்ளி இடைவெளி உட்பட.

பாடத்தில் சேர்வது ஒன்று, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறொன்று. பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஜூலையில் இலவசமாகச் சேர்ந்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று இருப்பார்கள். தேர்வுப் பதிவுக்கு என்று தனியாக ஒரு கடைசித் தேதி உண்டு, ஜூலை டெர்முக்குப் பெரும்பாலும் ஆகஸ்டில் வரும். அறிவிப்பு மெயிலில் வந்ததும் காலண்டரில் வட்டம் போடுங்கள். பணம் கட்டும்போது ஓடிபி அப்பாவின் போனுக்குப் போகும், அப்பா குறுவை வயலில் இருப்பார், அவர் கையைக் கழுவிவிட்டு எண்ணைப் படிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். அவர் வீட்டில் இருக்கிற ராத்திரி நேரத்தில் செய்யுங்கள்.

வாராவாரம்

ஒரு வாரத்துக்கு ஐந்தாறு வீடியோ வரும். ஒவ்வொன்றும் கால் மணியிலிருந்து அரை மணி நேரம் ஓடும். வேகத்தை முக்கால் அளவுக்குக் குறைத்து, பேசுவதைத் திரையின் கீழே எழுத்தாகவும் (சப்டைட்டில்) ஓடவிட்டுப் பாருங்கள். சில பாடங்களுக்குத் தமிழிலும் எழுத்து வடிவம் போட்டிருக்கிறார்கள், பாடத்தின் பக்கத்தில் தேடிப் பாருங்கள். பள்ளியின் ஹைடெக் லேபில் இணையம் இருக்கிறது. தலைமையாசிரியரிடம் கேட்டு மதிய நேரத்தில் உட்காரலாம். நிரல் எழுதுகிற பாடத்துக்குக் கணினி கட்டாயம் வேண்டும், போனில் தட்டிக்கொண்டிருந்தால் வெறுத்துப்போகும்.

வீடியோவை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பது படிப்பு ஆகாது. பேராசிரியர் ஒரு கணக்கை எழுதியதும் நிறுத்துங்கள், அடுத்து என்ன வரும் என்று நோட்டில் எழுதுங்கள், அப்புறம் ஓட்டிப் பாருங்கள். ஓர் உதாரணம். பைத்தானில் 'ரேஞ்ச்' என்று எழுதி அடைப்புக்குறிக்குள் 5 என்று போட்டால் எந்த எந்த எண் வரும்? என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் 1 முதல் 5 என்று எழுதுவார்கள். 0 முதல் 4 வரை என்பதுதான் சரி. வீடியோவில் அவர் அதைச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார், கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். முன்கூட்டியே தன் கையால் 1 முதல் 5 என்று எழுதி, அடித்துத் திருத்திய பிள்ளைதான் பரீட்சையில் அதைச் சரியாகப் போடுகிறது.

அசைன்மென்ட் பெரும்பாலும் புதன்கிழமை நள்ளிரவு வரை திறந்திருக்கும். அதற்கு முன் எத்தனை தடவை வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம், கடைசியாக அனுப்பியதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமையே தெரிந்தவரைக்கும் போட்டு ஒரு தடவை அனுப்பிவிடுங்கள். தெரியாததைத் திங்கள், செவ்வாயில் யோசித்துத் திருத்துங்கள். புதன் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்தால் அன்றைக்குத்தான் கரண்ட் போகும். மழைக்கு ஆட்சியர் பள்ளிக்கு விடுமுறை விடுவார், அசைன்மென்ட்டுக்கு யாரும் விடமாட்டார்கள்.

பன்னிரண்டு வாரப் பாடத்தில் நன்றாகச் செய்த எட்டு அசைன்மென்ட்டைத்தான் சராசரிக்கு எடுப்பார்கள். மீதி நான்கு விட்டுப்போனாலும் பரவாயில்லை, காலாண்டுத் தேர்வு வாரங்களை அந்த நான்கில் வையுங்கள். அந்த இரண்டு வாரமும் கவலையில்லாமல் பள்ளிப் பாடத்தைப் படிக்கலாம். முடிந்ததும் விட்ட வீடியோக்களைப் பார்த்துவிட வேண்டும், பரீட்சையில் எல்லா வாரத்திலிருந்தும் கேள்வி வரும்.

மதிப்பெண் கணக்கு இப்படி: அசைன்மென்ட்டுக்கு 25, பரீட்சைக்கு 75. சான்றிதழுக்கு அசைன்மென்ட்டில் குறைந்தது 10, பரீட்சையில் குறைந்தது 30 வேண்டும். அசைன்மென்ட் சராசரி 80 என்றால் 25-க்கு 20. பரீட்சையில் நூற்றுக்கு 50 வாங்கினால் 75-க்கு 37.5. மொத்தம் 57.5. அறுபதைத் தொட்டால் 'எலைட்' என்று சான்றிதழில் போடுவார்கள். அதே பிள்ளை அசைன்மென்ட்டில் 90 வாங்கியிருந்தால் 25-க்கு 22.5, மொத்தம் அறுபது வந்துவிடும். வாராவாரம் போடுகிற உழைப்பில் வருகிற மதிப்பெண் அது, பரீட்சை நாளின் படபடப்பு அதைத் தொட முடியாது.

பரீட்சை நாள்

சனி, ஞாயிறுகளில், கணினியில், மூன்று மணி நேரம். காலை ஒன்பது மணிக்கு ஒரு நேரம், மதியம் இரண்டு மணிக்கு ஒரு நேரம். பதிவு செய்யும்போது தேர்ந்தெடுக்க இடம் கொடுத்தால் மதியத்தை எடுங்கள். மையம் தஞ்சாவூர், திருச்சி என்று போட்டாலும் இடம் பெரும்பாலும் ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியாக இருக்கும். பஸ் ஸ்டாண்டிலிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண் பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. வெளியூர் பஸ்ஸுக்கு மட்டும் காசு எடுத்துவையுங்கள்.

நம் பக்கத்துப் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் இதே பரீட்சையை எழுதுகிறார்கள். ஊரில் அப்படி ஓர் அக்காவோ அண்ணனோ இருந்தால் முன்னாடியே பேசி, ஒரே நாளில் போட்டுக்கொண்டு சேர்ந்து போங்கள். திரும்பும்போது இருட்டிவிடும், ஐப்பசி மழை வேறு. ஹால் டிக்கெட்டையும் ஒரிஜினல் அடையாள அட்டையையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கத்து நாற்காலியில் மூன்றாம் வருடம் பி.இ. படிக்கிறவர் உட்கார்ந்திருப்பார். உங்களுக்கும் அவருக்கும் ஒரே தேர்வுதான். போய்விட்டு வந்த பிள்ளைகள் மதிப்பெண்ணைவிட இதைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

சான்றிதழ் எதற்கு உதவும்

பிற்பாடு கல்லூரியில் சேரும்போது இந்தப் பாடத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்பீர்கள். எதிர்பார்க்காதீர்கள். கல்லூரியில் சேர்ந்தபின் ஸ்வயம் மூலம் எடுக்கிற பாடங்களுக்கு 40 சதவீதம் வரை கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேர்கிற மதிப்பு) தர பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி இருக்கிறது. பள்ளியில் படிக்கும்போது எழுதியதற்கு அந்த உறுதி கிடையாது. யாராவது "இப்பவே கிரெடிட் வாங்கித் தர்றோம்" என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கிடைக்கிற லாபம் வேறு. பத்தாவது வாரத்தில் ஒரு பிள்ளை "எனக்கு இது புடிக்கலை மிஸ்" என்று வந்து சொன்னால் எனக்கு மனம் நிறைந்துவிடும். நான்கு வருடமும் சில லட்சமும் மிச்சம். பிடித்திருக்கிறது என்று சொல்கிற பிள்ளைக்கு அடுத்த வழியைக் காட்டுவேன்.

சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பி.எஸ். பட்டம் அது. ஜேஇஇ நுழைவுத் தேர்வு வேண்டாம். பிளஸ் ஒன் ஆண்டுத் தேர்வு எழுதிய பிள்ளை, எந்த குரூப்பாக இருந்தாலும் தகுதித் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். பத்தாவதில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். நான்கு வாரம் அவர்களே பாடம் நடத்துவார்கள்: ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணினிச் சிந்தனை. அசைன்மென்ட்டில் குறைந்தபட்ச மதிப்பெண் எடுத்தால் நேரில் ஒரு பரீட்சை. தேறினால் பிளஸ் டூ முடித்தபின் நேராகச் சேரலாம். அதோடு கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ வேறொரு பட்டமும் படிக்கலாம். விண்ணப்பக் கட்டணம் என்பிடெலைவிட அதிகம், சமூகத்தைப் பொறுத்துக் குறைப்பு உண்டு. ஜனவரி, மே, செப்டம்பர் என்று மூன்று டெர்ம் இருப்பதால் பிளஸ் ஒன் கோடை விடுமுறையை ஒட்டி எந்த விண்ணப்பம் திறந்திருக்கிறது என்று ஏப்ரலிலேயே பாருங்கள். ஜூலையில் ஒரு பாடம் முடித்த பிள்ளைக்கு இந்த நான்கு வாரம் பெரிய பாரமாக இருக்காது.

பிளஸ் டூ வந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த ஜனவரியில் எந்தப் பாடத்திலும் சேர வேண்டாம், என்ன ஆசை காட்டினாலும். பழைய வீடியோக்கள் எல்லாம் யூடியூபில் இருக்கின்றன. பொதுத்தேர்வு முடிந்து, கவுன்சிலிங் தொடங்குவதற்கு முன் இருக்கிற வாரங்களில், சேரலாமா என்று யோசிக்கிற ஒவ்வொரு படிப்பிலிருந்தும் இரண்டிரண்டு வீடியோ பார்த்துவிட்டு, விருப்பப் பட்டியலை எழுத உட்காருங்கள்.